மஞ்சள் பையும் ஆகாய விமானமும்

இப்போது எந்த மேடையில் ஏறினாலும் சுற்றுச்சூழலைக் காப்பாற்ற வேண்டும் என்கின்ற பேச்சே பலமாய்க் கேட்கப்படுகின்றது. பூமி சூடேறிக்கொண்டு வருகின்றது என்பதும், அதற்கு மனிதன் எரிக்கும் நிலக்கரியும் எண்ணெயுமே முக்கிய காரணம் என்பதும் விஞ்ஞானிகள் அளந்து கண்டு சொன்ன விஷயமே ஒழிய, யாரோ ஒருவர் கனவில் கண்டு சொன்ன விஷயமல்ல. ஆகவே அந்தப் பேச்சு பெருகுவதில் நமக்கு எவ்வித ஆட்சேபனையும் இல்லை. ஆனால் பேசுகின்றவர்கள் பேசுகின்றபடி நடக்கின்றார்களா என்று கேட்டால் மாத்திரம் அநேகருக்குக் கோபம் வந்துவிடுகின்றது. கோபம் வந்தாலும் சரி, கேட்டுத்தான் தீரவேண்டும். பிறரைக் கேட்கு முன் நம்மையே கேட்டுக்கொள்ளுவோம்.

சில மாதங்களுக்கு முன் ஒரு கிராமத்தில் பிளாஸ்டிக் ஒழிப்பைப் பற்றி ஒரு கூட்டம் நடந்தது. நாமும் பேசப் போயிருந்தோம். பேச வந்தவர்கள் ஆறு பேர். வந்தவர்களெல்லாம் வெகு உருக்கமாகவே பேசினோம். கூட்டம் முடியும் தருவாயில் பெரியவர் ஒருவர் எழுந்து, "ஐயா, சொன்னதெல்லாம் சரிதானுங்க. நீங்க ஆறு பேரு வந்திருக்கீங்க, வாசல்ல நாலு காரு நிக்குது. எங்க ஊருக்குக் காலையில ஒரு பஸ்ஸு, சாயங்காலம் ஒரு பஸ்ஸு வருதுங்க. அதுல வந்திருக்கலாமே?" என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. நாங்களும் சிரித்தோம். ஆனால் பதில் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. அந்த நாலு காரில் ஒன்று நாம் தனியாய் ஏறிச் சென்ற வாடகைக் கார் என்பதையும் ஒப்புக்கொண்டு விடுகின்றோம்.

நிற்க, அன்றிரவு வீடு திரும்பிச் சுவரைப் பார்த்தால் ஆணியில் மஞ்சள் பைகள் தொங்குகின்றன. எண்ணிப் பார்த்தோம், பதினேழு இருந்தன. தமிழ்நாட்டில் ஒருமுறை உபயோகித்து எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் சாமான்கள் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டன. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்னும் இயக்கத்தைச் சர்க்கார் துவக்கிற்று. அதுமுதல் கூட்டத்திற்குப் போனால் ஒரு பை, கலியாணத்திற்குப் போனால் தாம்பூலத்தோடு ஒரு பை, கடை திறப்பு விழாவிற்குப் போனால் ஒரு பை என்று சேர்ந்துவிட்டன. ஒவ்வொன்றிலும் "இயற்கையைக் காப்போம்" என்று அச்சடித்திருக்கின்றது. பதினேழில் நாம் எடுத்துப் போவது இரண்டே இரண்டுதான்.

பை என்பது ஆகாயத்திலிருந்து விழுவதல்ல. பருத்தி விளைய நிலம் வேண்டும், தண்ணீர் வேண்டும், உரமும் மருந்தும் வேண்டும். பிறகு நூற்கவும், நெய்யவும், சாயம் போடவும், தைக்கவும் வேண்டும். இத்தனைக்கும் ஆகும் புகையைக் கணக்கிட்டு, இங்கிலாந்து தேசத்துச் சுற்றுச்சூழல் இலாகா 2011-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஒரு முறை உபயோகித்து எறியும் மெல்லிய பிளாஸ்டிக் பையைவிடப் பருத்திப் பை பூமியின் சூட்டிற்குக் குறைந்த கெடுதல் செய்வதாயிருக்க வேண்டுமானால், அதை 131 தடவையாவது எடுத்துப் போகவேண்டும் என்பது அதன் முடிவு. வாரத்திற்கு இரண்டு முறை சந்தைக்குப் போகின்றவன் ஒரு பையின் கடனைத் தீர்க்க ஒன்றேகால் வருஷம் ஆகும். எமது பதினேழு பைகளின் கடனையும் தீர்க்க வேண்டுமானால் இருபத்தொரு வருஷத்திற்கு மேல் ஆகும்!

இதைக் கண்டு, "அப்படியானால் பிளாஸ்டிக்கே மேல்" என்று யாரும் துள்ளிக் குதிக்க வேண்டியதில்லை. சாக்கடையை அடைப்பதும் மாட்டின் வயிற்றில் போய்ச் சேருவதும் பிளாஸ்டிக்கே தவிரத் துணிப்பை அல்ல. அந்த நஷ்டம் மேற்படி 131 என்ற கணக்கில் சேரவில்லை. ஆகவே துணிப்பை நல்லதுதான். ஆனால் நல்லது என்பது அது ஆணியில் தொங்குவதால் அல்ல, ஓயாமல் உழைப்பதால்தான். ஒரே பையைக் கிழியும் வரையில் தூக்கி, கிழிந்தால் தைத்து மறுபடியும் தூக்குகின்றவனே மெய்யாய்ப் பூமிக்கு உபகாரம் செய்கின்றவன். பதினேழு பை சேர்த்தவன் பக்தி செய்கின்றவனே ஆவான். நெற்றியில் குறி இருந்தால் போதும், நடத்தை எப்படியிருந்தாலும் குற்றமில்லை என்று நினைக்கும் பழைய புத்திதான் இப்போது பை ரூபமாய் வந்திருக்கின்றது.

சரி, நாம் படிப்புக் குறைந்தவர்கள், தெரியாமல் செய்கின்றோம் என்றே வைத்துக்கொள்ளுவோம். தெரிந்தவர்கள் எப்படி நடக்கின்றார்கள்? கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ பால்ம்போர்டு என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் 2017-ல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். இயற்கைப் பாதுகாப்பையே தொழிலாகக் கொண்டவர்கள், பொருளாதார நிபுணர்கள், வைத்தியத் துறையினர் ஆகிய மூன்று வகுப்பாரில் 734 பேருடைய வாழ்க்கை முறையை விசாரித்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இயற்கையைக் காப்பாற்றுகின்றவர்களும் சராசரி வருஷத்திற்கு ஒன்பது தடவை விமானம் ஏறுகின்றார்கள் என்று தெரியவந்தது. அவர்களால் பூமிக்கு ஏற்படும் பாரம் பொருளாதார நிபுணர்களுடையதைவிட நூற்றுக்கு 16 பங்குதான் குறைவு. அன்றியும், விஷயம் அதிகம் தெரிந்திருப்பதற்கும் பாரம் குறைவதற்கும் சொல்லும்படியான சம்பந்தமே காணப்படவில்லை. இந்த ஆராய்ச்சியைச் செய்தவர்களும் இயற்கைப் பாதுகாப்புத் துறையைச் சேர்ந்தவர்களே. தங்கள் வகுப்பாரின் குறையைத் தாங்களே அளந்து ஊரறியச் சொன்ன அந்த யோக்கியதையை நாம் பாராட்டுகின்றோம்.

ஜெர்மனி தேசத்தில் 1,000 பேருக்கு மேல் விசாரித்துச் செய்யப்பட்ட மற்றோர் ஆராய்ச்சி 2018-ல் வெளிவந்தது. சூழலில் அக்கறை உள்ளவர்கள் சின்னச் சின்னக் காரியங்களை உண்மையாகவே செய்கின்றார்கள். ஆனால் ஒரு குடும்பம் மொத்தம் எவ்வளவு எரிக்கின்றது என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது அவர்களுடைய அக்கறை அல்ல, அவர்களுடைய வருமானமே என்பது அதன் சாரம். அதாவது, கையில் பணம் இருந்தால் பெரிய வீடும், காரும், தூரப் பிரயாணமும் தானே வந்து சேருகின்றன. அதன்மேல் துணிப்பை ஒன்று தொங்குகின்றது!

சென்னையிலிருந்து லண்டனுக்கு ஒருவர் விமானத்தில் போய்த் திரும்பினால் அவர் பங்குக்கு ஏறக்குறைய ஒரு டன் கரிவாயு ஆகாயத்தில் சேருகின்றது. சராசரி இந்தியன் ஒருவன் வருஷம் முழுவதும் வெளியிடுவதே ஏறக்குறைய இரண்டு டன்தான். ஒரே ஒரு பிரயாணத்தில் பாதி வருஷம் போயிற்று. அதை எத்தனை துணிப்பையால் ஈடு செய்வது? கேட்டால், "அதற்குத் தனியாய்ப் பணம் கட்டியிருக்கின்றேன், எங்கேயோ மரம் நடுவார்கள்" என்கின்றார்கள். பாவத்தைச் செய்துவிட்டுப் பரிகாரத்திற்குத் தட்சணை வைக்கின்ற வழக்கம் நமக்குப் புதிதா? நட்ட மரம் பிழைத்ததா, காய்ந்ததா என்று போய்ப் பார்த்தவர் யார்?

இனி, இந்தப் பேச்சையே கேளாதவர்கள் எப்படி வாழுகின்றார்கள் என்று பாருங்கள். 2018-ல் உலக ஜனங்களில் விமானம் ஏறினவர்கள் நூற்றுக்கு 11 பேர் மாத்திரமே என்று கணக்கிட்டிருக்கின்றார்கள். 2019-ல் உலகத்தில் வெளியான கரிவாயுவில் ஏறக்குறைய பாதிக்குப் பணக்காரர்களான பத்தில் ஒரு பங்கினரே பொறுப்பு என்று ஆக்ஸ்பாம் சங்கம் 2023-ல் எடுத்துக் காட்டிற்று. சைக்கிளில் வேலைக்குப் போகின்றவனும், பழைய பேப்பரையும் இரும்பையும் பொறுக்கி எடைக்குப் போடுகின்றவளும், மூத்தவன் சட்டையை இளையவனுக்குப் போடுகின்ற தாயும் எந்தச் சங்கத்திலும் அங்கத்தினர் அல்ல. அவர்களுடைய சிக்கனம் இஷ்டப்பட்டு வந்ததல்ல, இல்லாமையால் வந்தது. ஆதலால் வறுமையைப் புகழ நாம் தயாராயில்லை. ஆனால் நாலு காரில் போய் அவர்களுக்குச் சிக்கனத்தைப் போதிக்க நமக்கு என்ன உரிமை இருக்கின்றது?

இவ்வளவையும் படித்து ஒரு கூட்டத்தார் மெத்த சந்தோஷப்படுவார்கள். "பார்த்தீர்களா, இவர்கள் யோக்கியதை! பேசுகின்றவனே விமானத்தில் பறக்கின்றான், ஆகவே பூமி சூடாகின்றது என்பதே பொய்" என்பார்கள். இது புத்தியுள்ள பேச்சாகாது. புகை பிடிக்கின்ற வைத்தியர் ஒருவர் "புகை பிடித்தால் நோய் வரும்" என்று சொன்னால், அவர் பிடிப்பதனால் நோய் வராமல் போய்விடுமா? சொல்லுகின்றவன் நடத்தை வேறு, சொல்லப்பட்ட விஷயத்தின் உண்மை வேறு. சொல்லியும் செய்யாதவனை ஏமாற்றுக்காரன் என்று சொன்னால், சொல்லவும் மாட்டேன் செய்யவும் மாட்டேன் என்கின்றவன் எந்த விதத்தில் உத்தமன் ஆவான்? முந்தினவனுக்கு வெட்கமாவது மிச்சமிருக்கின்றது. இவனுக்கு அதுவும் இல்லை.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. "உன் கரித்தடம் எவ்வளவு?" என்று ஒவ்வொருவனையும் தன் கணக்கைத் தானே போட்டுப் பார்க்கச் சொல்லி, அந்தச் சொல்லை விளம்பரம் செய்து பரப்பியதில் பெரும் பங்கு பி.பி. என்னும் எண்ணெய்க் கம்பெனிக்கு உண்டு. 2004-ஆம் வருஷத்தையொட்டி அது நடந்தது. எண்ணெய் விற்கின்றவன் வாங்குகின்றவனைப் பார்த்து "உன் பாவத்தை எண்ணு" என்கின்றான்! கணக்குப் பார்ப்பது நல்லதுதான். ஆனால் தன் தன் பாவத்தை மாத்திரமே எண்ணிக்கொண்டிருந்தால், ஊர்க் கணக்கைக் கேட்க ஆளிருக்காது. கடையில் பிளாஸ்டிக் பை கொஞ்சமாவது குறைந்ததற்குக் காரணம் எல்லோருக்கும் ஒரே நாளில் ஞானம் வந்ததா, அல்லது 2019-ல் வந்த தடையா? தடை தளர்ந்த இடத்தில் பை திரும்பி வந்துவிட்டது என்பதைச் சந்தைக்குப் போகின்றவர்கள் எல்லோரும் அறிவார்கள்.

ஆதலால் நமது அபிப்பிராயம் இதுதான். சூழலைப் பற்றிப் பேசுகின்றவர்களைச் சின்ன அடையாளங்களைக் கொண்டு அளக்கக் கூடாது. எதில் வந்தாய், எவ்வளவு எரித்தாய், எதை விட்டுக்கொடுத்தாய் என்று பெரிய காரியங்களைக் கொண்டே அளக்கவேண்டும். அதில் குறைந்தவர்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்றும் சொல்லவில்லை. குறையை ஒப்புக்கொண்டு பேசட்டும், ஒவ்வொன்றாய்க் குறைத்துக் காட்டட்டும், ஊருக்கு வேண்டிய ஏற்பாட்டையும் சேர்த்துக் கேட்கட்டும் என்கின்றோம்.

எம்மைப் பொறுத்தவரை, பதினேழில் பதினைந்து பைகளை மார்க்கெட்டில் காய்கறி விற்பவர்களிடம் கொடுத்துவிட்டோம். மீதி இரண்டும் கிழியும் வரையில் இனி எந்த விழாவிலும் பை வாங்குவதில்லை. சென்ற வாரம் அதே கிராமத்திற்கு மறுபடியும் போக நேர்ந்தது. பஸ்ஸிலேயே போனோம். இரண்டு மணி நேரம் காத்திருந்து, கூட்டத்திற்கு ஒரு மணி நேரம் தாமதமாய்ப் போய்ச் சேர்ந்தோம். அந்தப் பெரியவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். "இந்தத் தடவை பிளாஸ்டிக்கைப் பற்றிப் பேச வரவில்லை, உங்கள் ஊருக்கு மணிக்கொரு பஸ் வேண்டும் என்று கேட்கும் மனுவில் கையெழுத்துப் போட வந்தேன்" என்று சொன்னோம். அவர்தான் முதற் கையெழுத்துப் போட்டார்.