ஸ்டூல் இருக்கு... உட்கார நேரம்?

கோவை வட்டார நூற்பாலைகளில் ரிங் பிரேம் பார்ப்பவரை 'சைடர்' என்பார்கள். அறுந்த இழையை ஒட்டிக்கொண்டே ஷிப்ட் முழுக்க நடக்க வேண்டும். வீடு திரும்பும்போது முழங்காலும் குதிகாலும் விண்விண் என்று தெறிக்கும்.

கடை ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று 2021-ல் தமிழக அரசு சட்டத்தைத் திருத்தியபோது பலரும் பாராட்டினார்கள். மில் தொழிலாளிக்கோ அந்த உரிமை 1948-லேயே வந்துவிட்டது! நின்று வேலை பார்ப்பவர்களுக்கு இருக்கை வேண்டும் என்றது தொழிற்சாலைகள் சட்டத்தின் 44-வது பிரிவு. ஆனால் அதில் ஒரு கொக்கி: வேலைக்கு நடுவே ஓய்வு வாய்த்தால்தான் உட்காரலாம். இழை அறுவது நின்றால்தானே ஓய்வு? ஒரு ஆளுக்கு இத்தனை பிரேம் என்று கூட்டிக்கொண்டே போனால், ஸ்டூல் சுவரோரம் சும்மா கிடக்கும். (திருப்பூர் டெய்லர்களுக்கு நேர்மாறு. உட்கார்ந்து உட்கார்ந்தே முதுகு போகிறது.)

சரி, வலி முற்றினால்? பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோய் தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கிறது. முழங்கால் வலி இல்லை. அதனால் சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் டாக்டர் ஓய்வு எழுதிக் கொடுத்தாலும், பொதுவாகக் கிடைப்பது சாதாரண நோய்க்கான 70 சதவீதச் சம்பளம்தான். அதுவும் வருடத்துக்கு 91 நாள் வரை. வேலையால் வந்த பாதிப்பு என்று ஏற்றுக்கொண்டால் 90 சதவீதம்.