கர்த்தர் பாத்துக்குவாருங்க, உடுங்க

பீஸ் ரேட்டில் பத்துப் பைசா குறைந்தால் கான்ட்ராக்டர் வாசலில் நின்று சண்டை போடுகிற ஊர் திருப்பூர். அதே ஆட்களிடம் சபைக் கணக்கைக் கேளுங்கள் என்றால், “கர்த்தர் பாத்துக்குவாருங்க, உடுங்க” என்கிறார்கள். எனக்கு இது விசுவாசமாகத் தெரியவில்லை. பயம்.

பாஸ்டரோடு முட்டிக்கொண்ட மறுநாளே நாம் தாவீது, அவர் சவுல் என்று முடிவுகட்டுவது இன்னொரு வியாதி. தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரும் 1829 வாக்கில் மிஷனரிகளோடு மோதிப் புண்பட்டவர்தான். ஆனால் பக்கம் பக்கமாக எழுதி அவர் காக்கப் பார்த்தது எதை? தேவாலயத்துக்குள் சாதிக்கொரு இடத்தை! அடிபட்டதாலேயே நியாயம் நம் பக்கம் வந்துவிடுமா?

தாவீதையாவது ஒழுங்காக வாசிப்போமே. குகையில் சவுலின் சால்வைத் தொங்கலை அறுத்தவன், வெளியே வந்து அந்தத் துணியைத் தூக்கிக் காட்டித்தான் கேள்வி கேட்டான். கர்த்தர் நியாயம் தீர்க்கட்டும் என்றது அதற்கப்புறம். நம்மாட்கள் கையில் ஒரு வவுச்சர் நகல்கூட இல்லை.