விலாசம் அறிந்த யந்திரம்

பல பாஷைகள் வழங்கும் நகரமொன்றின் தபாற்கந்தோரை எண்ணிப் பாருங்கள். கடிதங்களைப் பிரிக்கும் உத்தியோகத்தர் அவற்றைத் திறந்து மொழிபெயர்ப்பதில்லை. எந்த எழுத்தில் இருப்பினும் விலாசத்தை வாசித்து, உரிய பையில் இடுகிறார். அவ்வளவே அவர் கடமை.

1980ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் ஸ்டான்போட் பல்கலைக்கழகத்திற்கு இத்தகையதோர் உத்தியோகத்தர் தேவைப்பட்டார். ஜெரொக்ஸ் நிறுவனம் வழங்கிய அல்ற்றோ கணினிகள் அங்கு 'பப்' என்னும் நெறிமுறையிற் பேசின. நெறிமுறையாவது, செய்தியைத் துண்டுகளாக்கி, விலாசமிட்டு அனுப்புதற்குரிய விதிகளின் தொகுதி. அர்ப்பாநெட் என்னும் பெருவலையோ ஐபி நெறிமுறைக்கு மாறிக்கொண்டிருந்தது. 1983 ஜனவரி 1இல் அம்மாற்றம் நடைமுறைக்கு வந்தது. மசச்சூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்திற் பிறந்த கேயோஸ் நெறிமுறையும் இவற்றோடு சேர்ந்தது.

"எல்லோரும் ஒரே நெறிமுறையைக் கைக்கொள்க எனக் கட்டளையிட்டால் என்ன?" என்று கேட்கலாம். கட்டளையிட்டிருந்தால், நல்ல யந்திரங்கள் பல மூலையில் முடங்கியிருக்கும். அவற்றை நம்பிய ஆராய்ச்சிகளும் தடைப்பட்டிருக்கும்.

அப்பல்கலைக்கழகத்து மருத்துவப் பகுதியிற் பணியாற்றிய வில்லியம் யேகர் வேறு வழி கண்டார். 1981இல், பிடிபி-11 என்னும் சிறு கணினியில் இயங்கும் செய்நிரல் ஒன்றை எழுதினார். வந்து சேரும் ஒவ்வொரு துண்டின் முகப்பிலும் அதன் வகையைக் காட்டும் எண் உண்டு. அதனை நோக்கி, 'பப்' ஆயின் 'பப்' அட்டவணையையும், ஐபி ஆயின் ஐபி அட்டவணையையும் பார்த்து, அச்செய்நிரல் வழியனுப்பியது. அதே ஆண்டில் மசச்சூசெற்ஸில் நோயல் சியாப்பாவும் தனித்து இத்தகைய ரவுட்டர் ஒன்றை ஆக்கினார்.

ஆயினும் இஃது மொழிபெயர்ப்பாளர் அன்று. 'பப்' மட்டும் அறிந்த கணினியும் ஐபி மட்டும் அறிந்த கணினியும் இதனால் உரையாடிவிட முடியாது. அவை ஒரே கம்பியிற் பிணக்கின்றி வாழலாம். ஒன்றோடொன்று பேசவேண்டின், ஒன்று மற்றதன் பாஷையைக் கற்கவேண்டும். அல்லது இரண்டும் அறிந்த இடையாள் ஒருவர் வேண்டும்.

ஸ்டான்போட்டிற் பணியாற்றிய லியனார்ட் பொசாக், சாண்டி லேர்னர் இருவரும் 1984இல் சிஸ்கோ நிறுவனத்தைத் தொடங்கினர். 1987இல் பல்கலைக்கழகம் தன் ரவுட்டர் செய்நிரலைப் பயன்படுத்த அதற்கு உரிமம் வழங்கியது. நிறுவனத்தின் பெயரை இன்று உலகறியும். யேகரின் பெயரை அறிந்தோர் சிலரே. அத்திவாரக் கல் கண்ணுக்குத் தெரிவதில்லை அன்றோ?

'பப்', கேயோஸ் இரண்டும் மறைந்தன, ஐபி நிலைத்தது. எனினும் பழைய சிக்கல் தீரவில்லை. ஐபியின் நான்காம் பதிப்பிலுள்ள விலாசங்கள் ஏறத்தாழ 430 கோடி. அவற்றின் தலைமைக் கையிருப்பு 2011 பெப்ரவரியில் தீர்ந்துபோயிற்று. புதிய ஆறாம் பதிப்போ பழையதோடு நேரே பேச அறியாது. ஆதலின் பல்கலைக்கழகங்கள் பல இன்று இரண்டையும் ஒரே வலையில் அருகருகே ஓடவிடுகின்றன.

மாணவ அன்பர்களே, ஒன்றை ஒழித்துவிடு என்று சொல்லுதல் எளிது. இரண்டிற்கும் வழிவிடும் யந்திரத்தை ஆக்குவதற்கே அறிவும் பொறுமையும் வேண்டும்.