ஊர் எரிவாயு கப்பல் ஏறினால் யாருக்கு லாபம்?

ஹூஸ்டனில் எண்ணெய்க் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும் என் சித்தப்பா மகன், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோவைப் போட்டிருந்தான். கோட் அணிந்த ஒருவர், பின்னால் மேலே மேலே ஏறும் வரைபடம். கீழே தம்பியின் விளக்கவுரை: "ஏற்றுமதிக் கட்டுப்பாட்டைத் தூக்கிட்டாப் போதும்ணே. இங்க வேலை, அங்க உங்களுக்கு மலிவா காஸ். எல்லாருக்கும் லாபம்." எல்.என்.ஜி.க்கும் எல்.ஐ.சி.க்கும் வித்தியாசம் தெரியாத மாமாக்கள் வரிசையாகக் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார்கள்.

"எல்லாருக்கும் லாபம்" என்று ஒருவன் சொன்னால் முதலில் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வது நம் வழக்கம். எரிவாயு விஷயத்தில் மட்டும் படித்தவர்களே அதை மறந்துவிடுகிறார்கள்.

தம்பி தூக்கச் சொல்லும் கட்டுப்பாடு அப்படியென்ன கொடுமையானது? அமெரிக்காவின் 1938ஆம் ஆண்டு இயற்கை எரிவாயுச் சட்டப்படி, தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் இல்லாத நாடுகளுக்கு எரிவாயு அனுப்புவதற்கு முன், இது பொது நலனுக்கு விரோதமா என்று எரிசக்தித் துறை பார்க்க வேண்டும். அவ்வளவுதான். 2024 பிப்ரவரியில் பிரதிநிதிகள் சபை 224க்கு 200 என்ற கணக்கில் நிறைவேற்றிய மசோதா, அந்தக் கேள்வி கேட்கும் அதிகாரத்தையே துறையிடமிருந்து பிடுங்கப் பார்த்தது. செனட் அதை நிறைவேற்றவில்லை. பொது நலனா என்று கேட்பதே வளர்ச்சிக்குத் தடையாம்!

"எல்லாருக்கும் லாபம்" என்ற வாதத்துக்குப் பதில் சொல்லப் புத்தகம் புரட்ட வேண்டாம். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் கிளாட்ஸ்டோன் என்றொரு துறைமுக ஊர் இருக்கிறது. அதன் எதிரே கர்டிஸ் தீவு. நிலக்கரிப் படிமத்திலிருந்து எடுத்த வாயுவை மைனஸ் 162 டிகிரிக்குக் குளிர்வித்து, அறுநூறில் ஒரு பங்காகச் சுருக்கி, எல்.என்.ஜி. என்ற திரவமாக்கிக் கப்பலில் ஏற்ற, அந்த ஒரே தீவில் மூன்று ஆலைகள் எழும்பின. 2014 கடைசியில் ஏற்றுமதி தொடங்கியது. அதுவரை கிழக்குக் கரைத் தொழிற்சாலைகள் ஒரு கிகாஜூலுக்கு மூன்று, நான்கு டாலர் கொடுத்து நிம்மதியாக இருந்தன. 2017இல் சிலரிடம் கேட்கப்பட்ட விலை 20 டாலர்வரை போனது. தன் மண்ணிலிருந்து எடுத்த வாயுவுக்கு உள்ளூர்க்காரன் ஆசியச் சந்தையோடு போட்டி போட்டு விலை கொடுக்க வேண்டியதாயிற்று.

பிரிஸ்பேனில் கிப்சன் தீவு உர ஆலையைப் பாருங்கள். அம்மோனியாவும் யூரியாவும் செய்த ஆலை. கட்டுப்படியாகும் விலையில் நீண்டகாலத்துக்கு எரிவாயு கிடைக்கவில்லை, 2022 இறுதியோடு உற்பத்தியை நிறுத்துகிறோம் என்று 2021இல் அறிவித்தது, மூடியது. கப்பல் ஏறும் வாயு அதே மாநிலத்தில்தான் கிடைக்கிறது. வேலை பெருகும் என்றார்களே, கிப்சன் தீவில் பெருகியதா?

உச்சகட்டக் கூத்து ஒன்று உண்டு. எல்.என்.ஜி. ஏற்றுமதியில் உலகின் முதல் மூன்று இடங்களுக்குள் நிற்கும் அந்த நாட்டில், போர்ட் கெம்ப்ளா துறைமுகத்தில் எல்.என்.ஜி. இறக்குமதி முனையம் கட்டியிருக்கிறார்கள். வடக்கே ஏற்றி அனுப்புவது, தெற்கே காசு கொடுத்து இறக்குவது! சரி, அரசுக் கஜானாவாவது நிரம்பியதா? பெட்ரோலிய வள வாடகை வரி என்று ஒரு வரி வைத்திருக்கிறார்கள். ஒரு எல்.என்.ஜி. திட்டம்கூட அந்த வரியில் இதுவரை ஒரு டாலர் கட்டியதில்லை என்று 2023இல் அரசே ஒப்புக்கொண்டது.

"அது ஆஸ்திரேலியா, அமெரிக்கா பெரிய நாடு" என்பான் தம்பி. 2022 ஜூனில் டெக்சஸின் ஃப்ரீபோர்ட் ஏற்றுமதி ஆலையில் தீப்பிடித்தது. ஆலை திறக்க மாதக்கணக்காகும் என்று தெரிந்த அன்றே உள்நாட்டு எரிவாயு விலை சுமார் 16 சதவீதம் சரிந்தது. ஓர் ஆலை மூடினால் உள்ளூரில் விலை இறங்குகிறது என்றால், பத்து ஆலை திறந்தால் என்ன ஆகும்? கட்டுப்பாடில்லாத ஏற்றுமதி உள்நாட்டு மொத்த விலையை 30 சதவீதத்துக்கு மேல் உயர்த்தும் என்று 2024 டிசம்பரில் எரிசக்தித் துறையின் ஆய்வே சொன்னது. அடுத்த மாதமே ட்ரம்ப் வந்தார், முந்தைய ஆட்சி நிறுத்திவைத்திருந்த ஏற்றுமதி அனுமதிகளைத் திறந்துவிட்டார்.

நமக்கு மலிவாகக் கிடைக்குமாம். 2022 ஜூலையில் பாகிஸ்தான் 10 கப்பல் எல்.என்.ஜி.க்கு டெண்டர் விட்டது. ஒருவர்கூட விலை கோரவில்லை. ஐரோப்பா அதிகம் கொடுத்தது, கப்பல்கள் அங்கே போயின. சந்தைக்கு ஏழை நாட்டின் முகவரி தெரியாது. நம் கெயில் நிறுவனம் அமெரிக்க நிறுவனங்களோடு 20 ஆண்டு ஒப்பந்தம் போட்டு, எண்ணெய் விலை சரிந்த பிறகு அந்தச் சரக்கைக் கைமாற்ற வழி தேடிய கதையை நம் பொருளாதாரப் புலிகள் பேசவே மாட்டார்கள்.

இதே புலிகள்தான் 2017இல், ஊரில் எரிவாயுக் கிணறு வேண்டாம் என்று போராடிய நெடுவாசல்காரர்களுக்குத் தொலைக்காட்சியில் வகுப்பெடுத்தார்கள். நாட்டுக்காகக் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள் என்றார்கள். விட்டுக்கொடுப்பவன் எப்போதும் கிணற்றடியில் இருப்பவன், லாபம் எடுப்பவன் எப்போதும் கோட் போட்டவன். வெங்காய விலை ஏறியதும் 2023 டிசம்பரில் மத்திய அரசு ஏற்றுமதிக்குத் தடை போட்டது. விவசாயி விற்கும் வெங்காயத்தைத் தடுக்கலாம், பெருநிறுவனம் விற்கும் வாயுவை ஒரு கேள்வி கேட்டால் பொருளாதாரம் இடிந்துவிடும்! இந்த நியாயத்தை எந்தப் பல்கலைக்கழகத்தில் சொல்லித் தருகிறார்கள்?

ஏற்றுமதியே கூடாது என்று நான் சொல்லவில்லை. அதே ஆஸ்திரேலியாவின் மேற்கு மாநிலம் 2006இலேயே ஏற்றுமதி எரிவாயுவில் 15 சதவீதத்துக்கு நிகரானதை உள்ளூருக்கு ஒதுக்க வேண்டும் என்று விதி வைத்தது. கிழக்குக் கரை விலையில் எரிந்தபோது அங்கே தொழிற்சாலைகள் தப்பித்தன. முதலீட்டாளர்கள் ஓடிவிடுவார்கள் என்றார்கள். கோர்கன், வீட்ஸ்டோன் ஆகிய இரண்டு பெரிய திட்டங்களும் அந்த விதி வந்த பிறகுதான் கட்டப்பட்டன. கிளாட்ஸ்டோனிலும் ஏற்றுமதி தொடங்குமுன்பே அதைச் செய்திருக்கலாம், செய்யவில்லை.

ஆகவே தம்பிக்கும், அவன் வீடியோவில் வந்த கோட்டுக்காரருக்கும் ஒரு வேண்டுகோள். 'உள்ளூருக்கு 15 சதவீதம்' என்ற ஒரு வரியை அதுபோன்ற மசோதாவில் எழுதச் சொல்லுங்கள். பிறகு எத்தனை கப்பல் வேண்டுமானாலும் அனுப்புங்கள்.