'கிஃப்ட்' கொடுத்தால் வாங்காதீர்கள்!

ஜெர்மனிக்குப் போய் யாரிடமாவது "உங்களுக்கு ஒரு கிஃப்ட் கொண்டுவந்திருக்கேன்" என்று சொல்லிப் பாருங்கள். மனுஷர் ஒரு அடி பின்னால் நகர்ந்துகொள்வார். அவர் பாஷையில் 'கிஃப்ட்' என்றால் விஷம்!

இதில் வேடிக்கை, இங்கிலீஷ் கிஃப்டும் ஜெர்மன் கிஃப்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். ரெண்டுக்கும் வேர் 'கொடுப்பது'தான். ஜெர்மனில் அது வைத்தியர் கொடுக்கிற ஒரு வேளை மருந்தாகி, மெல்ல மெல்ல விஷத்தில் வந்து நின்றுவிட்டது. 'மிட்கிஃப்ட்' என்கிற வார்த்தையில் மட்டும் பழைய அர்த்தம் இன்னும் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது. 'மிட்' என்றால் கூட. பெண்ணோடு கூடக் கொடுத்தனுப்புவது. அதாவது, வரதட்சணை! அதற்குள்ளே விஷம் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள, பெண்ணைப் பெற்றவர்களுக்கு அகராதி எதற்கு?

இங்கிலீஷும் ஜெர்மனும் பங்காளிகள். 5-ம் நூற்றாண்டு வாக்கில் இன்றைய வட ஜெர்மனி, டென்மார்க் பக்கத்திலிருந்து ஆங்கிள்கள், சாக்ஸன்கள் என்ற கூட்டத்தார் பிரிட்டனுக்குக் கப்பலேறினார்கள். அவர்கள் பேசிய பேச்சுதான் பிற்பாடு இங்கிலீஷ். அதனால்தான் வாட்டர் அங்கே 'வாஸர்'. ஷிப் 'ஷிஃப்'. ஆப்பிள் 'ஆப்ஃபெல்'. த்ரீ 'ட்ரை'. ஏறக்குறைய ஒரு வாய்ப்பாடு மாதிரி மாறும். இந்த மாதிரி ஒலிக் கணக்கை 1822-ல் விலாவாரியாக எழுதிவைத்தவர் யாகோப் கிரிம். தம்பியோடு சேர்ந்து தேவதைக் கதைகளைத் தொகுத்தாரே, அதே கிரிம்தான்!

ஆகவே ஜெர்மன்காரர்களுக்கு இங்கிலீஷ் சுலபம். பாதி வார்த்தை வீட்டிலேயே இருக்கிறது. ஆனால் சொத்து வழக்கு யாரோடு வரும்? பங்காளியோடுதானே!

'பெகொம்மன்' என்றால் ஜெர்மனில் 'கிடைப்பது'. பார்க்க 'பிகம்' மாதிரியே இருக்கும். விளைவு, ஓட்டலில் உட்கார்ந்துகொண்டு "நான் எப்போது ஸ்டேக் ஆவேன்?" என்று சர்வரைக் கேட்கிற ஜெர்மன்காரர், இங்கிலீஷ் வாத்தியார்களின் நிரந்தர ஜோக். 'ஷெஃப்' என்றால் அங்கே சமையல்காரர் இல்லை, ஆபீஸ் மேலதிகாரி. 'ப்ராவ்' என்றால் வீரன் இல்லை, சொன்ன பேச்சு கேட்கிற சமர்த்துப் பிள்ளை. 

நமக்கும் இது புதுசா என்ன? பாலக்காட்டைத் தாண்டினால் "வெள்ளம் வேணுமா?" என்பார்கள். அணை உடைந்துவிட்டதோ என்று பதறக்கூடாது, குடிக்கிற தண்ணீர்! "சம்சாரிக்கணும்" என்றாலும் குடும்பஸ்தர்கள் கலவரப்பட வேண்டாம், பேச வேண்டுமாம்.

நான் பி.காம். 'ப்ரொவிஷன்' என்றால் வாராக் கடனுக்கு ஒதுக்கிவைக்கிற தொகை என்று உருப்போட்டவன். ஜெர்மன்காரருக்கு அது கமிஷன்! 'பில்லியன்' நமக்கு நூறு கோடி. அவர்கள் கணக்கில் ஒரு லட்சம் கோடி. நூறு கோடிக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'மில்லியார்டெ'. 1.000 என்று புள்ளி வைத்து எழுதினால் அங்கே ஆயிரம். 1,5 என்று கமா போட்டால் ஒன்றரை. மணி சொல்வதிலும் வம்பு. இங்கிலீஷ்காரர் 'ஹாஃப் த்ரீ' என்றால் மூன்றரை. ஜெர்மன்காரர் 'ஹால்ப் ட்ரை' என்றால் இரண்டரை. மூன்றை நோக்கிப் பாதி தூரம் வந்தாச்சு என்று அர்த்தம். அதை அப்படியே இங்கிலீஷில் சொன்னால் ரெண்டு பேரில் ஒருத்தர் ஒரு மணி நேரம் தேவுடு காக்க வேண்டியதுதான்.

இவ்வளவும் சிரிக்கிற சமாச்சாரம். சிரிக்காத சமாச்சாரம் ஒன்று திருப்பூரில் நடந்தது. பனியன் ஏற்றுமதி செய்கிற நண்பருக்கு ஜெர்மன் பார்ட்டியிடமிருந்து கடிதம். 5,000 பீஸ் 'ஈவென்சுவலி' ஆர்டர் செய்வோம் என்று இங்கிலீஷில் எழுதியிருந்தார்கள். இங்கிலீஷில் அதற்கு 'நாளாகலாம், ஆனால் கடைசியில் நடந்தே தீரும்' என்று அர்த்தம். நண்பர் கடன் வாங்கி நூலுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். ஆர்டர் வரவே இல்லை. ஜெர்மனில் 'எவென்ட்டுவெல்' என்றால் 'ஒருவேளை'!

"ஏமாத்திட்டான்யா!" என்று கொதித்தார் நண்பர். "அவர் ஏமாத்தலை, அண்ணே. அவர் மனசுல இருந்ததைத்தான் எழுதினார்" என்றேன். "அப்ப என் வட்டியை யாரு கட்டுறது?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

கவனியுங்கள், அந்த வாக்கியத்தில் இலக்கணப் பிழையே கிடையாது. பத்து வருஷமாக இங்கே இருக்கிறேன் என்பதற்கு ஜெர்மன்காரர் 'ஃபார்' போடாமல் 'ஸின்ஸ்' போடுவார். நம்மவர்களும் போடுகிறார்கள். இங்கிலீஷ்காரர் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு சரியாகவே புரிந்துகொள்வார். யாருக்கும் கால் காசு நஷ்டமில்லை. கண்ணுக்குத் தெரிகிற தப்பு சிரிப்போடு போய்விடும். தப்பே இல்லாத மாதிரி வந்து உட்காருகிற வார்த்தைதான் பையைக் காலி பண்ணும். நாமோ முதலாவதைக் கேலி செய்கிறோம், ரெண்டாவதைக் கோட்டை விடுகிறோம்.

கேலி எது வரைக்கும் போகும் தெரியுமா? 1965-ல் எலிசபெத் ராணி மேற்கு ஜெர்மனிக்கு விஜயம் செய்தார். 'இதோ ஆரம்பிச்சுடும்' என்கிற ஜெர்மன் வாக்கியத்தை ஜனாதிபதி ஹைன்ரிஷ் லூப்கே வார்த்தைக்கு வார்த்தை இங்கிலீஷாக்கி, "ஈக்வல் கோஸ் இட் லூஸ்" என்று ராணியிடம் சொன்னதாக ஊரே சிரித்தது. பாவம், அவர் சொல்லவே இல்லை! பத்திரிகைக்காரர்கள் கட்டிவிட்ட கதை என்று பிற்பாடு தெரிந்தது. ஆனால் இன்றைக்கும் அவர் பெயரைச் சொன்னால் அந்த வாக்கியம்தான் முன்னால் வந்து நிற்கிறது.

ஆகவே, ஜெர்மன்காரரோடு இங்கிலீஷில் கொடுக்கல் வாங்கல் உள்ளவர்களுக்கு ஒரே ஒரு யோசனை. அவருடைய 'ஸின்ஸை'யும் 'ஃபாரை'யும் விட்டுத் தள்ளுங்கள். எத்தனை, எப்போது, நிச்சயமா... இந்த மூன்றை மட்டும் உங்கள் வார்த்தையில் திருப்பி எழுதி, "இதுதானே சொல்கிறீர்கள்?" என்று கேட்டு வாங்குங்கள். தபால் செலவு நூல் அட்வான்ஸை விடக் குறைச்சல்.

அடுத்த வாரமும் 'ஈவென்சுவலி' எழுதுவேன். அது இங்கிலீஷ் அர்த்தமா, ஜெர்மன் அர்த்தமா என்பதை ஆசிரியர்தான் முடிவு செய்ய வேண்டும்!