மீனுக்குமா சாதி?

மான்டானா டிரவுட் மீன்களைப் பத்தி ரூம்மேட்கிட்ட பேசிட்டிருந்தேன். "கலப்பு கூடாதுங்கறியே, மீன்லயும் சாதி பாக்கறியா?"ன்னு கேட்டுட்டான். சிரிச்சு மழுப்பிட்டேன், ஆனா கேள்வி உறுத்திச்சு. அதான் இந்தப் பதிவு.

மான்டானாவில் ஃப்ளாட்ஹெட்னு ஒரு ஆறு. அதோட சொந்த மீன் கட்த்ரோட் டிரவுட். தாடைக்குக் கீழே கத்தியால கீறின மாதிரி சிவப்புக் கோடு இருக்கும், அதனால அந்தப் பேர். தூண்டில்காரர்களுக்காக 19ஆம் நூற்றாண்டுக் கடைசியிலிருந்து 1969 வரை ஏறக்குறைய 2 கோடி ரெயின்போ டிரவுட் குஞ்சுகளை அங்கே கொண்டுவந்து விட்டாங்க. (ஊட்டி பக்கம் அவலாஞ்சியில வெள்ளைக்காரங்க வளர்த்ததும் இதே ரெயின்போதான்!)

ரெண்டும் கலந்து பிறக்கற குஞ்சு மலடு இல்லை. அதனால கலப்பு தலைமுறை தலைமுறையா தொடரும். ஆனாலும் ரொம்ப நாள் அது ஆற்றோட கீழ்ப்பகுதியைத் தாண்டி அதிகம் போகலை. ரெயின்போ வசந்தத்துல சீக்கிரமே முட்டை போடும். பனி உருகி வர்ற வெள்ளம் அதை அடிச்சிட்டுப் போயிடும். கட்த்ரோட் வெள்ளம் வடியற சமயமாப் பாத்துப் போடும். 1978 முதல் 2008 வரையிலான மரபணு மாதிரிகளை வெச்சு 2014ல் ஒரு ஆய்வு வந்தது. வசந்த வெள்ளம் குறைஞ்சு, கோடையில தண்ணி சூடாக ஆக, கலப்பு மேல்நோக்கி ஏறிட்டே போயிருக்கு.

சரி, கலந்தா என்ன? மனுஷங்க எல்லாரும் ஒரே இனம். சாதிங்கறது நாம கட்டிவிட்ட கதை. இந்த மீன்கள் அப்படியில்லை. லட்சக்கணக்கான வருஷமா தனித்தனியா வளர்ந்த ரெண்டு இனங்கள். 20 சதவீதம் ரெயின்போ கலந்தாலே வாரிசுகளோட எண்ணிக்கை ஏறக்குறைய பாதியாயிடுதுன்னு 2009ல் வந்த ஆய்வு சொல்லுது. அப்புறம் எப்படிப் பரவுது? கீழே இருக்கற ரெயின்போ கூட்டத்திலிருந்து புதுசு புதுசா மேலே ஏறி வந்துட்டே இருக்கறதாலதான்.

அதனால "எல்லாம் க்ளைமேட் சேஞ்ச்"னு கைகழுவறதை என்னால ஏத்துக்க முடியலை. வெயில் கதவைத் திறந்துவிட்டுது, அவ்வளவுதான். வாசல்ல ஆளைக் கொண்டுவந்து நிறுத்தினது நாம. தண்ணியோட சூட்டை நாளைக்கே குறைக்க முடியாது. ஆனா கீழே இருக்கற ரெயின்போ கூட்டத்தைப் பிடிச்சு அகற்றலாம், இன்னும் கலக்காத குளிர் ஓடைகளைக் காப்பாத்தலாம். இதைத் தள்ளிப்போடக் கூடாது. பாலில் கலந்த தண்ணியைப் பிரிக்க அன்னப்பறவை இருக்காம். மரபணுவைப் பிரிக்க எந்தப் பறவையும் இல்லை.

ரூம்மேட் இன்னும் முழுசா ஒத்துக்கலை. நீங்க என்ன சொல்றீங்க மக்களே?