பழைய டல்சிமரின் ஃப்ரெட்டைப் பிடுங்காதீர்கள்

மாநிலப் பறவை, மாநில மரம் எல்லாம் கேள்விப்பட்டிருப்பீர்கள். அமெரிக்காவின் கென்டக்கியில் 2001லிருந்து மாநில வாத்தியம் என்றே ஒன்று உண்டு. அப்பலாச்சிய மலைப்பகுதியில் பிறந்ததால் மலை டல்சிமர் என்று பெயர். (சந்தூர் மாதிரி குச்சியால் தட்டி வாசிக்கும் டல்சிமர் ஒன்றும் இருக்கிறது. அது வேறு குடும்பம், இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

இதைப் பார்த்தால் யாருக்கும் பயம் வராது. மடியில் கிடத்திக்கொள்ளும் ஒல்லியான மரப்பெட்டி, மேலே மூன்று அல்லது நான்கு கம்பிகள். ஒரு கம்பியில்தான் பாட்டு. மற்றவை தம்புரா மாதிரி சுருதி பிடித்துக்கொண்டே இருக்கும். பழைய ஆட்கள் இடது கையில் ஒரு சின்னக் குச்சியை வைத்துக் கம்பியை அழுத்தித் தேய்த்துக்கொண்டே போவார்கள், வலது கையில் வாத்து இறகின் தண்டால் மீட்டுவார்கள். அவ்வளவுதான் வித்தை. ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறியவர்கள் வைத்திருந்த ஷைட்ஹோல்ட் என்ற வாத்தியம் இதற்குப் பாட்டன் முறை.

இப்போது இந்தப் பழைய டல்சிமர்கள் பரணிலிருந்தும் ஏலக்கடையிலிருந்தும் இறங்கி வந்துகொண்டிருக்கின்றன. பாட்டியின் வாத்தியத்தைப் பேரன் பழுது பார்க்கக் கொடுக்கிறான். நல்ல விஷயம். ஆனால் பட்டறைக்குப் போனதும் சிலர் கேட்கும் முதல் கேள்வியிலேயே தப்பு நடந்துவிடுகிறது: "இதில் ஆறரை ஃப்ரெட் போட்டுத் தருவீர்களா?"

அதென்ன ஆறரை? வீணையில் மெட்டு என்பார்களே, அதுதான் ஃப்ரெட். கிடாரில் பன்னிரண்டு ஸ்வரத்துக்கும் இடம் இருக்கும். டல்சிமரில் ஏழு ஸ்வரத்துக்கு மட்டும்தான். அதனால் தப்பான இடத்தில் கை போவது கஷ்டம், பியானோவில் வெள்ளைக் கட்டைகளை மட்டும் விட்டுவைத்த மாதிரி. ஆனால் இதில் ஒரு சிக்கல். டி-ஏ-டி என்று சுருதி சேர்த்து, திறந்த கம்பியிலிருந்து ஸ்வரம் பிடித்துப் போனால் ஏழாவது ஸ்வரம் சின்னதாகத்தான் கிடைக்கும், கர்நாடக சங்கீதக் கணக்கில் கைசிகி நிஷாதம். காகலி நிஷாதம் வேண்டுமென்றால் ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் இன்னொரு ஃப்ரெட் வேண்டும். அதுதான் ஆறரை. 1960, 70களின் நாட்டுப்பாடல் மறுமலர்ச்சிக்குப் பிறகு இது பரவி, இன்று புதிதாகச் செய்யும் டல்சிமர்களில் பெரும்பாலும் இருக்கிறது.

புது வாத்தியத்தில் ஆறரை போடுங்கள், ஒன்றரை போடுங்கள், பன்னிரண்டையும் போடுங்கள், யார் கேட்கப் போகிறார்கள்? வாத்தியம் வாசிப்பதற்குத்தான். நூறு வருஷத்துப் பழையதில் கை வைப்பதுதான் பிரச்னை.

பழைய டல்சிமர் பலவற்றில் ஃப்ரெட் என்பது ஸ்டேப்ளர் முள் மாதிரி வளைத்து அடித்த ஒரு கம்பித்துண்டு. பலகை முழுக்க ஓடாது, பாட்டு வாசிக்கும் கம்பிக்கு அடியில் மட்டும் இருக்கும். அதன் இடத்தைச் செய்தவர் காதால் கேட்டு வைத்தார், இல்லை தன் குருநாதரின் அளவுக்குச்சியைப் பார்த்து வைத்தார். இன்றைய கிடாரின் சம அளவுக் கணக்கில் அது உட்காராது. கிடாரின் மேல் காந்தாரம் இயற்கையான காந்தாரத்தைவிட 14 சென்ட் தூக்கலாக இருக்கும் (சென்ட் என்பது அரை ஸ்வரத்தில் நூற்றில் ஒரு பங்கு). அடியில் சுருதி ஓடிக்கொண்டே இருக்கும் வாத்தியத்தில் அந்த 14 சென்ட் காதில் நெருடும். சில பழைய டல்சிமர்களில் காந்தாரம் இதிலும் சேராது, அதிலும் சேராது. "தாத்தாவுக்கு அளக்கத் தெரியவில்லை" என்று பட்டறைக்காரர் அதைப் பிடுங்கிவிட்டு 'சரியாக' அடித்துக் கொடுக்கிறார்.

தாத்தாவுக்கு நன்றாகவே தெரிந்திருக்கலாம். அந்த மலைக்காரர்கள் அப்படித்தான் பாடியிருக்கலாம். ஒலிப்பதிவு இல்லாத காலத்துக் குரலுக்கு மிச்சமிருக்கும் சாட்சி அந்தக் கம்பித்துண்டுகள்தான். பிடுங்கினால் போனது போனதுதான்.

கணக்குப் படிப்பவர்கள் பாஷையில் சொன்னால், திருப்பி எடுக்க முடிகிற செலவு, முடியாத செலவு என்று இரண்டு இருக்கிறது. விரிசலை வச்சிரம் காய்ச்சி ஒட்டினால் நாளைக்குச் சூடும் ஈரமும் காட்டிப் பிரித்துவிடலாம். எபாக்ஸி ஊற்றினால் முடியாது. உடைந்த முறுக்காணிக்குப் புதிது செய்துவிட்டுப் பழையதை ஒரு கவரில் போட்டு வைக்கலாம். சுரண்டி எடுத்த வார்னிஷை எந்தக் கவரில் போடுவது?

"வாசிக்காமல் கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் அது செத்த வாத்தியம்தானே?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பேரனுக்கு நண்பர்களின் கிடாரோடு சேர்ந்து வாசிக்க ஆசை இருக்காதா? இருக்கும். அதற்கு ஒரு நகல் செய்துகொள்ளலாம். இந்த வாத்தியமே நகலால் வளர்ந்ததுதான். கென்டக்கியின் நாட் கவுண்டியில் எட்வர்ட் தாமஸ் என்பவர் 1870களிலிருந்து 1930களின் தொடக்கம் வரை டல்சிமர் செய்து, எண் போட்டு விற்றார். அவருடைய மாதிரியைப் பின்பற்றி, ஹிண்ட்மன் ஊர்ப் பள்ளியில் தச்சு வேலை சொல்லிக்கொடுத்த ஜெத்ரோ ஆம்பர்கி செய்தார். ஆம்பர்கி பாதி முடித்து அனுப்பியதை நியூயார்க்கில் பாடகி ஜீன் ரிட்சியின் கணவர் ஜார்ஜ் பிக்கோ மெருகேற்ற, ரிட்சி சுருதி சேர்த்து விற்றார். பிறகு புரூக்ளினில் பாலத்தடிப் பட்டறை ஒன்றில் முழுசாகவே செய்ய ஆரம்பித்தார்கள். தாமஸின் வாத்தியத்தில் ஒரு ஃப்ரெட்டைக்கூடத் தொடாமலே இத்தனையும் நடந்தது.

அசல் இருந்தால்தானே நகல்? அதே ஹிண்ட்மனில் 2019இல் ட்ரபிள்சம் கிரீக் என்ற ஓடையின் பெயரிலேயே ஒரு தந்தி வாத்தியத் தொழிற்சாலை தொடங்கினார்கள். போதைப் பழக்கத்திலிருந்து மீண்டு வருகிறவர்களுக்கு அங்கே வேலை. 2022 ஜூலையில் அந்த ஓடையே ஊருக்குள் புகுந்தது. கிழக்கு கென்டக்கியில் 40க்கும் மேற்பட்டோர் செத்துப்போனார்கள். தொழிற்சாலையில் இயந்திரங்களும் வாத்தியங்களும் சேற்றில் கிடந்தன, பழைய பள்ளியின் ஆவணங்கள் நனைந்தன. வெள்ளத்துக்குப் பழையது புதியது தெரியாது. கழுவிக் காயவைத்து மறுபடி வேலையை ஆரம்பித்தார்கள்.

வெள்ளத்தை யாரும் தடுத்திருக்க முடியாது. பட்டறை மேஜையில் குறடோடு நிற்கிறவரைத் தடுக்கலாம். வேலையை ஆரம்பிக்கும் முன் ஒவ்வொரு ஃப்ரெட்டும் எங்கே இருக்கிறது என்று ஒரு காகிதத்தில் மில்லிமீட்டர் கணக்கில் குறித்துவைக்கச் சொல்லுங்கள். எந்த ஃப்ரெட் அதிகம் தேய்ந்திருக்கிறது, இறகுத் தண்டு பட்டுப் பட்டு மரம் எங்கே குழிந்திருக்கிறது என்பதையும் சேர்த்து. அரை மணி நேர வேலை. அதற்குக்கூட நேரமில்லை என்கிற பட்டறையில் பாட்டியின் டல்சிமரைக் கொடுக்காமல் வீட்டுக்கே எடுத்து வந்துவிடலாம் :-)